கிளட்ச் பிளேட்டுக்கு யார் முதலாளி?

செருப்பு தேய்ந்தால் தைக்கிறவரிடம் கொடுத்து அடிப்பாகம் மாற்றிக்கொள்கிறார்கள். சைக்கிள் டயர் தேய்ந்தால் பக்கத்துக் கடையில் மாற்றிக்கொள்கிறார்கள். "எங்கள் கம்பெனி ஆள்தான் தைக்கணும், வேறு யாராவது ஊசியைத் தொட்டால் செருப்புக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்று எந்தச் செருப்புக் கம்பெனியாவது சொன்னால் ஊர் சிரிக்கும். ஆனால் கார் கம்பெனி சொன்னால் மட்டும் படித்தவர்கள் உட்பட எல்லோரும் தலையாட்டுகிறார்கள். ஏன்?

கிளட்ச் பிளேட்டும் செருப்பு மாதிரிதான். தேய்வதற்காகவே செய்யப்பட்ட பொருள். அதனால்தான் பெரும்பாலான வாரண்டி புத்தகங்களில் அதை 'தேய்மானப் பொருள்' என்று சொல்லி ஒதுக்கிவைத்திருப்பார்கள். தேய்ந்தால் காசு கொடுக்க வேண்டியது கார்க்காரர். அப்படியென்றால் எந்தக் கடையில் கொடுக்கலாம் என்று முடிவு செய்ய வேண்டியதும் அவர்தானே? இவ்வளவுதான் கேள்வி.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையில் ஒருவர் ஃபியட் புன்டோ அபார்த் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2015ல் இந்தியாவுக்கு வந்த கார். 1.4 லிட்டர் டர்போ, 145 குதிரைசக்தி, 212 நியூட்டன் மீட்டர் டார்க். பத்து லட்ச ரூபாய் வட்டாரத்தில் அந்தக் காலத்தில் அதை அடிக்க ஆளில்லை. மனுஷன் கப்பலூர் தாண்டி விருதுநகர் ரோட்டில் நாலாவது கியரில் அழுத்துகிறார். ஆர்பிஎம் முள் 3000லிருந்து 4500க்குத் தாவுகிறது. வேகம் காட்டும் முள்ளோ நின்ற இடத்திலேயே நிற்கிறது. இரண்டு நிமிடத்தில் கருகின வாடை. எஞ்சின் கத்துகிறது, சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. கிளட்ச் ஸ்லிப் ஆகிறது.

எஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிற ஃப்ளைவீல் ஒரு பக்கம், பிரஷர் பிளேட் ஒரு பக்கம். நடுவில் இரண்டு முகத்திலும் லைனிங் ஒட்டிய கிளட்ச் பிளேட். பிரஷர் பிளேட்டில் இருக்கிற டயாஃப்ரம் ஸ்பிரிங் மூன்றையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது. லைனிங்கின் உராய்வு எவ்வளவு, ஸ்பிரிங் எவ்வளவு அழுத்துகிறது, பிளேட் எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்துத்தான் அது எவ்வளவு டார்க்கைத் தாங்கும் என்பது அமைகிறது. லைனிங் மெலிந்தாலோ, சூட்டில் கண்ணாடி மாதிரி வழவழவென்று ஆனாலோ, சீல் ஒழுகி எண்ணெய் பட்டாலோ அந்தப் பிடி தளரும்.

டர்போ காரில் இது சீக்கிரம் வெளியே தெரியும். டர்போ ஊத ஆரம்பித்ததும் குறைந்த ஆர்பிஎம்மிலேயே முழு டார்க்கும் வந்து மோதும். அதனால்தான் முதலில் மேல் கியர்களில், ஏற்றத்தில், முழுசாக மிதிக்கும்போது ஸ்லிப் தெரியும். இது போதாது என்று சிலர் எஞ்சின் கம்ப்யூட்டரை ரீமேப் செய்து டார்க்கை இன்னும் ஏற்றிவிடுவார்கள். கம்பெனி கணக்குப் போட்டு வைத்த கிளட்ச் அதையும் தாங்கணும் என்று எதிர்பார்ப்பார்கள். பத்தாததற்கு சிம்மக்கல்லிலும் கோரிப்பாளையத்திலும் பாதி கிளட்சில் காலை வைத்தபடியே ஊர்ந்தால் எந்த கிளட்சும் நாளைக்குப் போகிறது இன்றைக்கே போகும். இந்தத் தப்பெல்லாம் கார்க்காரர் தலையில்தான். அதில் சந்தேகமில்லை.

சரி, மாற்ற வேண்டியதுதான். மாற்றுவது என்ன அவ்வளவு பெரிய வித்தையா?

பேட்டரியைக் கழற்றி, காரை ஏற்றி, எஞ்சினுக்கு முட்டுக் கொடுத்து, டிரைவ் ஷாஃப்ட் இரண்டையும் எடுத்து, ஸ்டார்ட்டர் மோட்டாரையும் கியர் கேபிளையும் கழற்றி, கியர்பாக்ஸை இறக்கணும். வேலையில் பெரும்பகுதி இதுதான். அதற்குப் பிறகு பழைய பிரஷர் பிளேட்டைக் கழற்றி, ஃப்ளைவீல் முகத்தில் சூடு பட்ட நீலக் கறையோ வெடிப்போ இருக்கிறதா என்று பார்த்து, எண்ணெய் சீல் ஒழுகினால் அதையும் மாற்றி, புது பிளேட்டை நடுமையம் பார்த்து வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக டார்க் ரெஞ்சில் முறுக்கணும். ரிலீஸ் பேரிங் புதுசு. ஷாஃப்ட் பல்லில் தொட்டுக்கொள்கிற அளவு கிரீஸ். திரும்ப மாட்டி, ஹைட்ராலிக் லைனில் காற்றை எடுத்துவிட்டால் முடிந்தது. அப்புறம் முதல் சில நூறு கிலோமீட்டர் பொறுமையாக ஓட்ட வேண்டியது ஓட்டுகிறவர் பொறுப்பு.

கவனமாகச் செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் மந்திரமில்லை.

மதுரையைச் சுற்றி மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும். டிராக்டருக்கு கிளட்ச் மாற்ற வேண்டுமென்றால் டிராக்டரையே நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு ஷெட், இரண்டு ஜாக்கி, ஒரு செயின் பிளாக்கை வைத்துக்கொண்டு அதைச் செய்துமுடிக்கிறார்கள். லாரிக்கும் அப்படித்தான். சரக்கோடு வழியில் நின்றுபோன லாரிக்கு கிளட்ச் போட மெக்கானிக் வருகிறார், சாமான் கடையில் பிளேட் கிடைக்கிறது, வண்டி கிளம்புகிறது. "கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்குத்தான் இழுத்து வரணும்" என்று லாரி முதலாளியிடம் சொல்லிப் பார்க்கட்டும், அடுத்த லாரியை அந்தக் கம்பெனியில் வாங்கவே மாட்டார். டிராக்டரைப் பிரித்துச் சேர்க்கிற கைக்கு ஒரு டர்போ கார் பெரிய விஷயமா?

இந்த ஊருக்கு மோட்டார் ரிப்பேர் புதுசும் இல்லை. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911ல் தொடங்கிய டி.வி.எஸ் மதுரையை மையமாக வைத்து வளர்ந்த நிறுவனம். பஸ் விட்டு, பஸ்ஸை ஓடவைக்கிற உதிரிபாகத்தை விற்று வளர்ந்தது. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் கிடைக்காதபோது கரிவாயுவில் வண்டி ஓட்ட கேஸ் பிளாண்ட் செய்து மாட்டினார்கள். உதிரிபாகம் கைக்குக் கிடைத்தால் ஓடாத வண்டியையும் ஓடவைக்கலாம் என்று நிரூபித்த ஊர் இது.

ஆக, கை இருக்கிறது. அப்புறம் எது இல்லை? நாலு விஷயம் இல்லை.

ஒன்று, சாமான். கார் கம்பெனிகள் கிளட்சைத் தாங்களே செய்வதில்லை. லுக், வாலியோ, எக்செடி, சாக்ஸ் மாதிரி கிளட்ச் கம்பெனிகள்தான் செய்துகொடுக்கின்றன. லுக் கிளட்ச் தொழிற்சாலை வேறெங்கும் இல்லை, நம்ம ஓசூரில் இருக்கிறது. தமிழ்நாட்டிலேயே செய்கிற பொருள், கார் கம்பெனியின் பெயர் போட்ட பெட்டிக்குள் போனதும் விலையும் மாறுகிறது, விற்கிற கடையும் மாறுகிறது.

இரண்டு, புத்தகம். எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்கணும், எதைத் திரும்பப் பயன்படுத்தக்கூடாது என்கிற விவரம் சர்வீஸ் மேனுவலில் இருக்கிறது. உதாரணமாக, சில கார்களில் ஃப்ளைவீல் போல்ட் ஒருமுறை முறுக்கினால் நீண்டுவிடும், கழற்றினால் புதுசுதான் போடணும். சில கார்களில் இரட்டை நிறை ஃப்ளைவீல், அது எவ்வளவு ஆடினால் நல்லது, எவ்வளவு ஆடினால் குப்பை என்பதற்கு அளவு இருக்கிறது. மேனுவல் கையில் இல்லாத மெக்கானிக் குத்துமதிப்பாகத்தான் செய்வார். அப்புறம் "லோக்கல் மெக்கானிக் குத்துமதிப்பாகச் செய்கிறான்" என்று அதே கம்பெனி குறை சொல்லும்!

மூன்று, கருவி. தானாகவே தேய்மானத்தை ஈடுகட்டிக்கொள்கிற கிளட்சுகள் வந்துவிட்டன. அதை மாட்ட தனிக் கருவி வேண்டும். சாதா ஸ்பேனரில் மாட்டினால் புது கிளட்சே சரியாகப் பிடிக்காது.

நாலு, மென்பொருள். 2013ல் வந்த ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ காரில் ஏழு கியர் டிஎஸ்ஜி பெட்டி. உள்ளே இரண்டு உலர் கிளட்ச். அதை மாற்றும்போது இடைவெளியை அளந்து ஷிம் வைக்கணும், மாற்றிய பிறகு கம்ப்யூட்டரைச் சொருகி கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று கியர்பாக்ஸுக்குக் கற்றுக்கொடுக்கணும். இது இல்லையென்றால் எவ்வளவு கெட்டிக்கார மெக்கானிக்காக இருந்தாலும் கை கட்டி நிற்க வேண்டியதுதான்.

இந்த நாலும் அறிவு சம்பந்தப்பட்ட தடை இல்லை. வேண்டுமென்றே போட்ட பூட்டு.

இது ஏதோ டீக்கடை வம்பு என்று நினைப்பவர்களுக்காக ஒரு தகவல். 2011ல் ஒரு கார் வாடிக்கையாளர் ஹோண்டா, ஃபோக்ஸ்வாகன், ஃபியட் மூன்று கம்பெனிகள் மீது இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தார். உதிரிபாகத்தையும் தொழில்நுட்பத் தகவலையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் சந்தையை அடைத்துவைத்திருக்கிறார்கள் என்பது புகார். விசாரித்துக்கொண்டே போனால் எல்லாக் கடையிலும் இதே சரக்கு! விசாரணை விரிந்தது. 2014 ஆகஸ்ட் 25ல் ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. சராசரி விற்றுமுதலில் 2 சதவீதம் என்று கணக்கு. மாருதி, டாடா, மஹிந்திராவிலிருந்து பி.எம்.டபிள்யூ, பென்ஸ், ஸ்கோடா வரை பட்டியலில் உண்டு. அம்பாசிடர் செய்த இந்துஸ்தான் மோட்டார்ஸும் உண்டு.

உதிரிபாகங்களின் மீது கம்பெனிகள் சராசரியாக 100 சதவீதமும், சில சாமான்களுக்கு 5000 சதவீதம் அளவுக்கும் விலையை ஏற்றி விற்றதாக ஆணையம் சொன்னது. திரும்பவும் படித்துக்கொள்ளுங்கள். ஐயாயிரம் சதவீதம். கந்துவட்டிக்காரர் கூடக் கூச்சப்படுவார்.

கம்பெனிகள் சொன்ன பதில் ரொம்ப சுவாரசியம். கார் வாங்குகிறவர் வாங்கும்போதே அதன் ஆயுள் முழுவதற்குமான பராமரிப்புச் செலவையும் கணக்குப் போட்டுத்தான் வாங்குகிறார், ஆகவே கார் சந்தையில் போட்டி இருந்தால் போதும், உதிரிபாகத்துக்குத் தனியாகப் போட்டி வேண்டியதில்லை என்றார்கள். வணிகவியல் முதலாமாண்டு மாணவன் கூட இதற்கு மறுப்புச் சொல்லிவிடுவான். கிளட்ச் செட் விலை என்ன, எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை போகும், இறக்கி ஏற்ற என்ன கூலி என்று ஷோரூமில் எந்த விற்பனையாளர் எழுதிக் கொடுக்கிறார்? தகவலே தராமல் 'கணக்குப் போட்டுத்தானே வாங்கினாய்' என்பது பம்மாத்து. ஆணையமும் அந்த வாதத்தை ஏற்கவில்லை. கார் வாங்கி முடித்த பிறகு அந்த ஆள் மாட்டிக்கொண்ட ஆள். அபார்த் காருக்கு மாருதி கிளட்ச் பொருந்தாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் காருக்கான உதிரிபாகச் சந்தையில் தனிக்காட்டு ராஜா.

அபராதத்தோடு ஆணையம் நிற்கவில்லை. கிளட்ச் மாதிரி பாகங்களைச் செய்துகொடுக்கிற கம்பெனிகள் வெளிச்சந்தையிலும் விற்கத் தடை போடக்கூடாது, வெளி மெக்கானிக்குகளுக்கு உதிரிபாகமும் கருவியும் தகவலும் கிடைக்க வழி செய்யணும் என்றது. முக்கியமாக, வெளியே வேலை பார்த்தாலே வாரண்டி மொத்தமும் போச்சு என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக்கூடாது, வெளியே செய்த தவறான வேலையால் எந்த அளவு கெட்டதோ அந்த அளவுக்குத்தான் வாரண்டியை மறுக்கலாம் என்றது. கம்பெனிகள் சும்மா இருக்குமா? தீர்ப்பாயம், உயர்நீதிமன்றம் என்று படியேறின. வருடங்கள் ஓடின. "வெளியே தொட்டா வாரண்டி கட்" என்ற பயம் மட்டும் கார்க்காரர்களின் மனசை விட்டு இறங்கவே இல்லை.

இனி வழக்கமாக வரும் எதிர்வாதங்கள்.

"வெளியே விட்டால் போலி சாமான் போட்டுவிடுவான்." போலி எங்கே பெருகும்? அசல் கிடைக்காத இடத்தில். லுக் பெட்டியும் வாலியோ பெட்டியும் எல்லா உதிரிபாகக் கடையிலும் நியாயமான விலைக்குத் தாராளமாகக் கிடைத்தால் போலியை யார் சீண்டுவார்கள்? அசலைப் பூட்டி வைத்துவிட்டு போலி போலி என்று கத்துவது, தண்ணீர்க் குழாயை அடைத்துவிட்டு ஜனங்கள் குட்டைத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்று திட்டுவது மாதிரி.

"அவர்களுக்குப் பயிற்சி இல்லை." கே.புதூரில் அரசு ஐ.டி.ஐ இருக்கிறது. மோட்டார் மெக்கானிக் படிப்பு இரண்டு வருடம். பயிற்சி இல்லை என்று கவலைப்படுகிற கம்பெனிகள் மேனுவலையும் கண்டறியும் கருவியையும் விலைக்காவது கொடுக்கட்டும். இலவசமாகக் கேட்கவில்லை. காசுக்குக் கூட தராமல் 'அவனுக்குத் தெரியாது' என்பது ஜல்லியடிப்பு.

"பாதுகாப்பு." இதுதான் பிரம்மாஸ்திரம். அமெரிக்காவில் மேக்னசன் மாஸ் சட்டம் வந்தது 1975ல். எங்கள் சாமானைத்தான், எங்கள் சர்வீஸைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று வாரண்டியோடு முடிச்சுப் போடக்கூடாது என்கிறது அது. ஐரோப்பிய ஒன்றியம் 2002லேயே வெளி மெக்கானிக்குகளுக்குத் தொழில்நுட்பத் தகவல் தரணும் என்று விதி போட்டது. மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012ல் வாக்கெடுப்பிலேயே கார் பழுதுபார்க்கும் உரிமையை நிறைவேற்றினார்கள். அங்கெல்லாம் கிளட்ச் மாற்றிய கார்கள் ரோட்டில் வெடித்துச் சிதறவில்லை. இதே கம்பெனிகள்தான் அங்கே விதிக்கு அடங்கி விற்கின்றன. இங்கே வந்தால் மட்டும் பாதுகாப்பு பற்றி ஞானோதயம் வந்துவிடுகிறது.

எல்லாவற்றையும் விட வலுவான பதில் ஒன்று இருக்கிறது. கம்பெனியே ஊரை விட்டுப் போய்விட்டால்? செவர்லே விற்பனையை ஜெனரல் மோட்டார்ஸ் 2017 முடிவில் இந்தியாவில் நிறுத்தியது. ஃபியட் புன்டோ 2019ல் நின்றது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே கார் செய்வதை நிறுத்துவதாக அறிவித்தது, மறைமலைநகர் தொழிற்சாலையும் அடுத்த வருடம் ஓய்ந்தது. போலோ 2022ல் நின்றது. அந்த அபார்த்காரர் 'அங்கீகரிக்கப்பட்ட' இடத்தைத் தவிர வேறெங்கும் போகமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தால் இன்றைக்கு யாரிடம் போய் நிற்பார்? இன்று அந்தக் கார்கள் ரோட்டில் இருக்கின்றன என்றால் அதில் பாதிப் புண்ணியம் வெளி மெக்கானிக்குகளையும், எங்கிருந்தோ பிளேட்டைத் தேடிப்பிடிக்கிற உதிரிபாகக் கடைக்காரர்களையும் சேரும். கம்பெனி இருக்கும்வரை அவர்களைத் திருடர்கள் என்று சொல்லிவிட்டு, கம்பெனி போனதும் அவர்கள் காலில் விழுவது என்ன நியாயம்?

இதைச் சொல்வதால் வெளி மெக்கானிக்குகள் எல்லோரும் உத்தமர்கள் என்று அர்த்தமில்லை. அவர்களையும் நாலு கேள்வி கேட்கத்தான் வேண்டும். கியர்பாக்ஸை இறக்குகிற கூலி ஒன்றேதான். பிளேட்டை மட்டும் மாற்றினாலும் அதே கூலி, பிரஷர் பிளேட்டும் ரிலீஸ் பேரிங்கும் சேர்த்து மாற்றினாலும் அதே கூலி. பேரிங்கில் சில நூறு மிச்சம் பிடித்துவிட்டு ஆறு மாதத்தில் அது கத்த ஆரம்பித்தால் திரும்ப முழுக் கூலி. ஃப்ளைவீலைப் பார்க்காமல், ஒழுகும் சீலை மாற்றாமல் புது பிளேட் போடுவதும் அதே ரகம். டார்க் ரெஞ்ச் வாங்காமல் 'கை அனுபவம்' என்று பீற்றிக்கொள்கிறவர், பில் கேட்டால் முகம் சுளிக்கிறவர், இவர்கள்தான் கம்பெனிகளுக்கு வாதம் எழுதிக் கொடுக்கிறார்கள். கம்பெனியின் பூட்டை உடைக்க வேண்டும் என்று கேட்கிற பட்டறை, தன் கதவையும் திறந்து வைக்க வேண்டும்.

கார்க்காரர்களுக்கும் பங்கு உண்டு. ரீமேப்புக்கும் அலாய் வீலுக்கும் கணக்குப் பார்க்காதவர்கள், கிளட்ச் என்று வரும்போது மட்டும் 'பிளேட்டை மட்டும் மாத்துங்கண்ணே' என்று பேரம் பேசுவார்கள். டார்க்கை ஏற்றியவர் அதைத் தாங்கும் கிளட்சுக்கும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட்டிருக்க வேண்டும்.

மத்திய அரசின் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளம் தொடங்கியது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாமான், வாகனம் என்று நாலு துறை. நல்ல விஷயம். ஆனால் கம்பெனி மனசு வைத்தால் தகவலைப் போடலாம் என்கிற அளவில் இருக்கிற ஏற்பாடு கிளட்சை மாற்றாது. சட்டமாக வேண்டும். மேனுவல், கருவி, மென்பொருள் மூன்றும் நியாயமான விலைக்கு எந்தப் பட்டறைக்கும் கிடைக்க வேண்டும். கிளட்ச் செட் விலையும் இறக்கி ஏற்றும் நேரமும் கார் விலைப்பட்டியலிலேயே அச்சாக வேண்டும். கம்பெனி நாட்டை விட்டுப் போனால் இத்தனை வருடத்துக்கு உதிரிபாகமும் தகவலும் தந்துவிட்டுத்தான் போகணும் என்று எழுதி வாங்க வேண்டும்.

சட்டம் வருகிறவரை கார்க்காரர் செய்யக்கூடியதும் உண்டு. எந்தப் பட்டறையாக இருந்தாலும் பாகத்தின் பெயரும் எண்ணும் போட்ட பில்லைக் கேட்டு வாங்குவது. மாற்றிய பழைய பிளேட்டையும் பேரிங்கையும் கையில் வாங்கிப் பார்ப்பது. 'வாரண்டி போயிடும்' என்று யாராவது சொன்னால், எந்த விதியின்படி என்று எழுத்தில் கேட்பது. எழுத்தில் கேட்டால் பல பேர் பதில் சொல்ல யோசிப்பார்கள். காரணம், 2014ல் ஆணையம் எழுதிவைத்தது அவர்களுக்கும் தெரியும். தெரியாமல் இருப்பது கார்க்காரருக்குத்தான்.